சிங்கிள் மால்ட் கிடைக்கும்

காஜா தன் கடையில் சிகரெட் விற்பதில்லை. பீடி விற்பதில்லை. பாக்குப் பொட்டலம்கூட விற்பதில்லை. என் அத்தா ஆள் மேல் ஆள் அனுப்பி இதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் எங்கள் நிக்காஹ் பேசி முடிக்கப்பட்டது.

அத்தாவின் பெயர் பஷீர் அகமது. துபாய் ஏர்போர்ட்டில் பல வருடம் கார்கோ வேலை பார்த்துவிட்டுத் தியாகதுருகத்துக்குத் திரும்பியவர். இப்போது பள்ளிவாசல் கமிட்டியில் இருக்கிறார். “மருமவன் வாயில புகையும் வரக்கூடாது, வாசனையும் வரக்கூடாது. மத்ததெல்லாம் பாத்துக்கலாம்” என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

எனக்குக் காஜாவைப் பிடித்திருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காஜாவிடமும் சொல்லவில்லை. எங்கள் வாட்ஸ்அப் உரையாடல் ‘சாப்பிட்டாச்சா’, ‘சாப்பிட்டாச்சு’ என்ற அளவில் நின்றிருந்தது. ஒருநாள் அவரே அதைத் தாண்டினார்.

‘நீங்க கெமிஸ்ட்ரிதானே? மால்ட்னா கரெக்டா இன்னா?’

எனக்கு இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைத்தால் மால்ட் என்று எழுதினேன். முளைக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதையும் எழுதினேன்.

‘கேழ்வரகு மட்டும்னா?’

‘ஒரே தானியம். அவ்வளவுதான்.’

‘அப்ப சிங்கிள் மால்ட்னு போடலாமா?’

‘போடலாம்.’

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய சூப்பர் மார்க்கெட்டில் ஏற்கெனவே பல தானியம் கலந்த சத்துமாவு ஒன்று ‘மல்டி மால்ட்’ என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தது. இப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து, செல்லியம்மாளும் அவருடைய சுயஉதவிக் குழுப் பெண்களும் வெறும் கேழ்வரகை முளைகட்டி அரைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். அது மல்டி என்றால் இது சிங்கிள்தானே. என் பாடப்புத்தகத்தில் மால்ட் வரை இருந்தது. அதற்கப்புறம் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

மறுநாளே காஜா கடை வாசலில் போர்டு வைத்தார். ‘சிங்கிள் மால்ட் கிடைக்கும். ஒரிஜினல் மலைச் சரக்கு. விலை கம்மி.’

அந்தத் திங்கட்கிழமை நானும் அம்மாவும் சாமான் வாங்க அங்கே போயிருந்தோம். நான் பருப்பு அலமாரிக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து கவுண்ட்டர் தெரியும். கவுண்ட்டரிலிருந்து நான் தெரியமாட்டேன்.

சட்டையை இன் பண்ணிய ஒருவர் போர்டை இரண்டு தடவை கடந்து போய், திரும்பி வந்து, உள்ளே நுழைந்தார். கழுத்தில் கலெக்டர் ஆபீஸ் அடையாள அட்டை. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு காஜாவிடம் குனிந்தார்.

“போர்டு பார்த்தேன். நெஜமாவே கிடைக்குமா?”

“கிடைக்கும் சார். இப்பதான் தீந்துபோச்சு. வெள்ளிக்கெழமை மத்தியானம் சரக்கு வந்துடும்.”

“மலைச் சரக்குன்னு போட்டிருக்கே. ஃபாரின் இல்லையா?”

“நம்ம கல்வராயன் மலை சார். அதான் விலை கம்மி.”

“எவ்வளவு?”

“நூத்தி இருவது.”

அவர் கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தனை வருஷத்துது?”

காஜாவின் முகம் வாடிவிட்டது. “சார், நம்ம கடையில வருசக்கணக்கா எதையும் வெச்சிருக்கறதே இல்ல. போன வாரம் பண்ணது இந்த வாரம் வரும். வாங்குனா மூணு மாசத்துல காலி பண்ணிடுங்க. இல்லன்னா வண்டு வுழுந்துடும்.”

“வண்டா?”

“ஒரு வண்டு இருந்தாலும் திருப்பி எடுத்துக்குவேன் சார்.”

“சரி... எப்படிச் சாப்பிடறது? ஐஸா, ராவா?”

“ஐயோ, ராவா வேணாம் சார். வயிறு வலிக்கும். சுடச்சுட சாப்புடுங்க. பால்ல கலக்கலாம். எங்கம்மா மோர் ஊத்தி, உப்புப் போட்டுக் குடிப்பாங்க.”

“உங்க அம்மாவா?”

“தெனமும் காலைல, வெறும் வயித்துல. சர்க்கரை இருக்குது இல்ல, டாக்டரே குடிக்கச் சொல்லிட்டாரு. பக்கத்து வூட்டுல கொழந்தைக்கே குடுக்கறாங்க சார். ஒம்போது மாசம்தான் ஆவுது, கும்முனு இருக்குது.”

அவர் காஜாவை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே போய்ப் போர்டை போட்டோ எடுத்தார். திரும்பி எட்டிப் பார்த்து, “இந்த மாவட்டத்துக்கு மாத்துனப்ப ரொம்ப வருத்தப்பட்டேன் பாய். தப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“பாரேன், புள்ளைங்க சத்துமாவுக்கு எவ்ளோ விசாரிக்கிறாரு” என்றார் அம்மா. “நல்ல தகப்பன்.”

வியாழக்கிழமை சாயங்காலம் அத்தா கூடத்தில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் காஜாவின் போர்டு வந்திருந்தது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: ‘சூப்பர் மார்க்கெட்டிலேயே சிங்கிள் மால்ட்! ரூ.120. நம்ப முடியாத விலை. வெள்ளி மதியம் ஸ்டாக். ஓனர் பாய் தங்கமான மனுஷன். அவருடைய தாயாரே குடிக்கிறார்.’

அத்தா எழுந்து நின்றார். “அந்தப் பையன் வேணாம்.”

“இன்னாங்க ஆச்சு?” என்றார் அம்மா.

“ஹராமான யாவாரம் பண்றான்.”

“சத்துமாவுல இன்னாங்க ஹராம்?”

“உனக்குத் தெரியாது. பொம்பளைங்ககிட்ட சொல்ற விசயம் இல்ல. நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சதும் நேரா போயி முடிச்சுட்டு வந்துடறேன்.”

“நாங்களும் வரோம். இன்னா தப்பு பண்ணான்னு எனக்குத் தெரியணும்.”

நான் அறைக்குள் போய் ‘சிங்கிள் மால்ட்’ என்று தேடினேன். வரிசையாகப் பாட்டில்கள். தேன் நிறம். விலையைப் பார்த்ததும் கலெக்டர் ஆபீஸ்காரர் ஏன் கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டார் என்று புரிந்தது.

காஜாவுக்கு எழுதினேன். ‘போர்டை எடுத்துடுங்க.’

‘ஏங்க? போன் மேல போன் வருது. செல்லியம்மாகிட்ட டபுள் சரக்கு சொல்லிட்டேன் :)’

‘விஸ்கி’ என்று டைப் செய்தேன். அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிக்காஹுக்கு முன்னால் ஒரு பெண் மாப்பிள்ளைக்கு அனுப்பும் வார்த்தையா அது? அழித்தேன். ‘சாப்பிட்டாச்சா’ என்று அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது கடை வாசலில் பெரிய கூட்டம். எல்லாரும் ஆண்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பலர் கையில் பழைய நியூஸ் பேப்பர் இருந்தது, சுற்றி எடுத்துப்போக. கலெக்டர் ஆபீஸ்காரர் முதல் ஆளாக நின்றார்.

ஷேர் ஆட்டோவிலிருந்து செல்லியம்மாள் இரண்டு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் மூட்டைகளைக் குழப்பத்தோடு பார்த்தது.

“உள்ள வைக்கோல் வச்சு பாட்டில் அடுக்கியிருப்பாங்க” என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கினார்.

அத்தா நேரே கவுண்ட்டருக்குப் போனார். காஜா எழுந்து, “வாங்க மாமா, வாங்க மாமி, அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார்.

“வ அலைக்கும் ஸலாம். ஒழுங்கா சொல்லு. வெளிய போர்டுல இன்னா எழுதிக்கினு கீற?”

“சிங்கிள் மால்ட் மாமா. மாமிக்கு ரெண்டு பாக்கெட் தனியா எடுத்து வெக்கச் சொல்லிக்கீறேன்.”

“இவளுக்கா?” அத்தாவின் குரல் உடைந்தது. “டேய், சிங்கிள் மால்ட்னா இன்னான்னு தெரியுமாடா உனக்கு?”

“கேழ்வரகு மாமா.”

“கேழ்வரகா! பார்லிடா அது. ஸ்காட்லாந்துல பண்றது. மரப் பீப்பாயில ஊத்தி மூடிடுவான். பன்னெண்டு வருசம், பதினெட்டு வருசம் அப்படியே கிடக்கும். அந்த மரத்தோட ருசியெல்லாம் அதுல இறங்கிடும்.”

கூட்டம் உள்ளே நெருங்கி வந்தது.

“ஒரு சில ஊர்ல முளைகட்டுன பார்லிய கரி மண்ணு கொளுத்தி, அந்தப் புகையில காய வெப்பான். அத மோந்து பாத்தாலே கடலோரத்துல நெருப்பு போட்ட மாதிரி இருக்கும். அதெல்லாம் லபக்குனு குடிக்கற வஸ்து இல்ல. ரெண்டு சொட்டு தண்ணி வுடணும். வுட்டுட்டு கொஞ்ச நேரம் வெச்சிடணும். அப்பதான் அது திறக்கும். நாக்குல மொதல்ல தேன் மாதிரி, அப்புறம் பேரீச்சம்பழம் மாதிரி...”

அத்தா நிறுத்தினார்.

கலெக்டர் ஆபீஸ்காரர் மெதுவாகத் தலையாட்டினார். “ஐயா ரொம்ப சரியா சொல்றாங்க. ஐயா வழக்கமா எது எடுத்துப்பீங்க?”

அம்மா அத்தாவின் பக்கம் திரும்பினார். “ஏங்க.”

“ம்.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“கார்கோல பெட்டி பெட்டியா வரும். டியூட்டி ஃப்ரீக்கு. பெட்டி மேல எழுதியிருப்பான்.”

“பேரீச்சம்பழம்னு எழுதியிருப்பானா?”

அத்தா எதிரிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் காலாவதி தேதியைப் படிக்க ஆரம்பித்தார். அவர் கழுத்து சிவந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் தலைகுனிந்த மனிதர் இந்தக் கடைக்கு இனி எந்த உறவாகவும் வரமாட்டார். நான் ஏதாவது சொல்ல வேண்டும். “முளைகட்டறது வரைக்கும்தான் மால்ட், காய்ச்சி வடிச்சாத்தான்...” என்று சொன்னேன். பருப்பு அலமாரிக்கு மட்டும் கேட்டிருக்கும்.

அப்போது செல்லியம்மாள் மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். “இன்னா சாமி கூட்டம்? மாவு கெட்டுப்போச்சா?”

“மாவா?” என்றது கூட்டம்.

மூட்டையைப் பிரித்தார். பாக்கெட் பாக்கெட்டாகக் கேழ்வரகு மாவு. அரைக்கும்போது வரும் இளஞ்சூட்டு மணம் கடை முழுக்கப் பரவியது. காஜா மாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், அவர்கள் கையிலிருந்த நியூஸ் பேப்பரைப் பார்த்தார், கடைசியில் அத்தாவைப் பார்த்தார். எல்லாம் அவருக்கு வரிசையாகப் புரிந்து வருவது முகத்தில் தெரிந்தது. அவர் சிரித்திருக்கலாம். நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

அவர் அம்மாவிடம் சொன்னார். “மாமி, கார்கோல பெட்டி கீழ வுழுந்து ஒடையும் இல்ல? ஒடஞ்சா வாசனை வரத்தானே செய்யும். மாமா சொல்றது அந்த வாசனை. இல்லிங்க மாமா?”

அத்தா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “ஆமா. ஒடஞ்சுது.”

“எத்தன தடவ ஒடஞ்சுது?” என்றார் அம்மா.

“அடிக்கடி ஒடையும். பெருநாள் சீசன்ல ஜாஸ்தி.”

“ரெண்டு சொட்டு தண்ணி?”

“தொடைக்கறதுக்கு மாமி” என்றார் காஜா.

அத்தா முதன்முறையாக அவரை நன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் பீடி, சிகரெட் விசாரணை எதுவும் இல்லை.

அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு போக முடியாது. ஆளுக்கொரு பாக்கெட் வாங்கி நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டார்கள். “எல்லாருக்கும் மலைக் கேழ்வரகு மேல இன்னாத்துக்கு திடீர்னு இவ்ளோ பாசம்?” என்று கேட்டுக்கொண்டே செல்லியம்மாள் காலி மூட்டையை மடித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, “முடிச்சுட்டு வரேன்னீங்களே, முடிச்சாச்சா?” என்று கேட்டார்.

“பையன் நல்ல பையன்” என்றார் அத்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “பெரியவங்களுக்கு மரியாதை குடுக்கத் தெரியுது. அடுத்த மாசமே தேதி வெச்சுடலாம்.”

அன்று ‘சாப்பிட்டாச்சா’ என்று காஜாவிடமிருந்து வந்தது. ‘எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு’ என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன். பதில் வந்தது: ‘போர்டை எடுத்துட்டேன்.’ அதன் கீழே இன்னொன்று: ‘எனக்கும்.’

இப்போது தினமும் காலையில் அம்மா அத்தாவுக்கு ஒரு டம்ளர் கேழ்வரகு மால்ட் கொண்டுவந்து வைக்கிறார். “இந்தாங்க, உங்க சிங்கிள் மால்ட்” என்று தெரு கேட்கச் சொல்கிறார்.

நேற்று நான் பார்த்தேன். டம்ளரைக் கையில் எடுத்தவர் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, லேசாக ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். திறந்தபோது எதிரில் அம்மா நின்றிருந்தார்.

அத்தா ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.