பத்துக் கோட்டை தாங்கும் முட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது.

போன மாதம் என் காரை வீட்டிலேயே பழுது பார்க்கலாம் என்று ஓர் ஆசை வந்தது. தூக்கிய காருக்கு முட்டுக் கொடுக்க, நாகர்கோவிலில் ஒரு கடையில் இரண்டு இரும்புத் தாங்கிகள் வாங்கினேன். டப்பாவின் மேல் 'மூன்று டன்' என்று போட்டிருந்தது. ஒன்றுக்கு மூன்றா, இரண்டுக்கும் சேர்த்து மூன்றா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாரே, அடியில நீங்களா படுக்கப் போறிய?"

"ஆமா."

"வீட்டுல சொல்லியாச்சா?"

நான் படுக்கவில்லை. தாங்கிகள் இன்னும் டப்பாவுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. யாரையாவது படுக்க வைத்துப் பார்த்தாக வேண்டும். இன்றைக்கு இருக்கும் ஆளைப் படுக்க வைத்தால் போலீஸ் வரும். ஆகவே 1931-க்குப் போனேன்.

2

முதல் தொடக்கம்: 'சுசீந்திரத்து வயல்களின் மேல் மாலை வெயில் தங்கமாய்' — வேண்டாம். வெயிலைத் தங்கமாக்காத எழுத்தாளர் நாஞ்சில் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. நானாவது சும்மா இருக்கிறேன்.

இரண்டாவது: 'தலைமையாசிரியர் செல்வதாஸ் காருக்கு அடியில் அசையாமல் கிடந்தார்.' நல்ல வாக்கியம்தான். ஆனால் வாசகர் அப்போதே அவருக்குக் கல்லறை கட்டிவிடுவார்.

மூன்றாவது தொடக்கத்தோடு ஒருவழியாகச் சமாதானமானேன்: 'செல்வதாஸின் கார் சர்ச் வாசலில் முனகியது.'

அவர் மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். மலைத் தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து அந்தக் காரைப் பழையதாக வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை சபையார் அத்தனை பேருக்கும் முன்னால் அதன் பின்பக்கத்து அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. பிரசங்கத்தின்போது தூங்கியவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். மனிதருக்கு மானம் போயிற்று. பட்டறைக்குக் கொண்டுபோனால் வழியெல்லாம் முனகும். தானே அடியில் படுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார்.

(காரை அழகாகக் காட்ட வேண்டுமே என்று, பின் இருக்கையில் இரண்டு சாக்குத் தேங்காய், ஒரு நேந்திரன் வாழைக்குலை, சபைக்குச் சொந்தமான ஓர் ஆர்மோனியம் ஆகியவற்றை ஏற்றி வைத்தேன். விவரணை இல்லாத கதையை யார் மதிக்கிறார்கள்?)

3

செல்வதாஸ் முட்டாள் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். காரோடு வந்த புத்தகத்தை முழுக்கப் படித்தவர். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தூக்கிய பிறகு வேறு முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் போகக் கூடாது என்று அதில் இருந்தது. ஒரு டன் காருக்கு நெல் கணக்கில் பன்னிரண்டு கோட்டை* என்று அவரே போட்டுப் பார்த்தார். பின்பாதிக்கு ஆறு கோட்டை. அந்தப் பாரத்தைத் தாங்க இரண்டு மர முட்டுகள் வேண்டும். முத்துநாயகம் ஆசாரியை வரச் சொன்னார்.

ஆசாரிக்கு ஊரில் பெரிய பெயர். வீட்டுக்குள் நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் என்ற அந்தப் பெரிய மரப்பெட்டியை அவரைப்போல் செய்ய ஆள் கிடையாது. எந்த மரவேலை சொன்னாலும் அவர் பத்தாயத்தில்தான் ஆரம்பிப்பார். தொட்டில் செய்யச் சொன்னவர் வீட்டுக்கும் ஒரு குட்டிப் பத்தாயம்தான் போனது. பிள்ளை சுகமாகத் தூங்கியது என்று கேள்வி.

பத்தாயக் கால் கனத்தில் பலாமரத்து முட்டுகள் இரண்டு வந்து சேர்ந்தன.

"எவ்வளவு பாரம் தாங்கும், ஆசாரி?"

"பத்துக் கோட்டை, சாரே. எங்க அப்பன் செஞ்ச பத்தாயம் இதே கனத்துக் காலுலதான் இன்னும் நிக்கி. ஒரு இணுக்கு அசையல்ல."

செல்வதாஸ் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். ஒவ்வொரு முட்டின் மேலும் கரும்பலகை எழுத்தில் '10' என்று எழுதினார். பத்தும் பத்தும் இருபது. ஆறுக்கு இருபது தாராளம். அவருக்கு அன்று மத்தியானம் சோறு நன்றாக இறங்கியது.

* கோட்டை என்பது இங்கே நெல் அளவு. கடலோரத்தில் நிற்கும் வட்டக்கோட்டையை யாரும் தூக்கப் போவதில்லை.

4

இந்த இடத்தில் எலிசாவை உள்ளே கொண்டுவர வேண்டும். செல்வதாஸின் மனைவி. 'பயந்த சுபாவம் உள்ளவள்' என்று எழுதியிருந்தேன். எழுதி முடிப்பதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர் எதற்குப் பயப்படுவார்? அடித்துவிட்டு எழுதினேன்: 'கணக்குத் தப்பினால் யாரையும் விடாதவர்.'

அவர் கார்க் கொட்டகைக்கு வந்தபோது கார் முட்டுகளின் மேல் நின்றது. ஜாக்கியைக் கழற்றி வைத்தாயிற்று. கணவரின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆசாரி ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்க, ஆரைக் கேட்டு அடியில போனிய?"

"பயப்படாத எலிசா," என்றது காரின் அடிவயிறு. "ஒண்ணொண்ணும் பத்து தாங்கும்."

எலிசா ஆசாரியிடம் திரும்பினார். "பத்து தாங்கும்னு நீரா சொன்னீரு?"

"நாந்தான் சொன்னேன்."

"அப்போ நீரும் பக்கத்துல போயி படும்."

ஆசாரியின் தாடை நின்றது. "எனக்கு அதுக்கடியில என்னம்மா சோலி?"

"சோலி ஒண்ணும் வேண்டாம். சும்மா கெடயும்."

ஆசாரி வெற்றிலையைத் துப்பினார். முட்டுகளைப் பார்த்தார். சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருந்த '10'-ஐ அப்போதுதான் கவனித்தார். "அம்மா," என்றார். "பத்தாயத்துக்குக் காலு நாலுல்லா?"

எலிசா முட்டுகளை எண்ணினார்.

"நாலு காலுக்குச் சேத்து பத்து," என்றார் எலிசா. "அப்போ இந்த ரெண்டுக்கும்?"

"அஞ்சு."

"காரோட பின்பாதி எவ்வளவு?"

"ஆறு," என்றது அடிவயிறு, மெலிந்த குரலில்.

"அதுவும் பத்தாயம்னா நெல்லு சும்மா கெடக்கும். இது ஆடும்லா," என்று ஆசாரி கேட்காமலே சொன்னார். இடது முட்டு 'கிரிச்' என்றது.

வெளியே வர செல்வதாஸ் அசைந்தார். கோட்டின் பொத்தான் மேலே எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தால் கார் ஆடுகிறது. (காருக்கு அடியில் படுக்கிறவருக்குக் கோட்டு எதற்கு என்று கேட்கிறீர்கள். தலைமையாசிரியர் என்றால் கோட்டு வேண்டாமா என்று போட்டுவிட்டேன். தப்புதான்.)

5

உடனே பாரத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். [ஆர்மோனியம்: அடித்தாயிற்று.] [தேங்காய், இரண்டு சாக்கு: அடித்தாயிற்று.] [நேந்திரங்குலை: அடி] — அது நல்ல குலை. சரி, அடித்தாயிற்று. இப்போதுதான் ஆறு. பின் இருக்கையையும் அடித்தேன். ஐந்தரை.

காரையே அடித்துவிடலாம்தான். ஆனால் கார் இல்லாத கொட்டகையில் ஒரு தலைமையாசிரியர் கோட்டுப் போட்டு மல்லாந்து கிடப்பதை எந்தப் பத்திரிகை வாங்கும்?

"எழுதுறவரே," என்றார் எலிசா. மேலே பார்த்துத்தான் சொன்னார். "ஒமக்குக் கதைதான் பெருசா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யாக இருக்கும் என்பதால் மூடிக்கொண்டேன்.

"குலையும் தேங்காயும் நல்லாத்தான் அடிக்கியீரு. மொதல்ல அந்தப் பொத்தான அடியும்வே!"

[பொத்தான்: அடித்தாயிற்று.]

இத்தனை நேரமும் எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

6

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) முட்டு தாங்குகிறது. செல்வதாஸ் வருகிறார். இதைப் படிக்கிற ஒருவர், 'அரைக் கோட்டை கூடினால் ஒன்றுமில்லை போல' என்று தன் காருக்கு அடியில் போகிறார். எழுத மாட்டேன்.

ஆ) முட்டு — இதை எழுதிப் பார்த்தேன். ஒரு வார்த்தைக்கு மேல் கை போகவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. சபைக்கு முன்னால் ஒரு முனகலுக்கு வெட்கப்பட்டவர், வேறொரு பாவமும் அறியாதவர்.

இ) ஆசாரி ஓடிப்போய் இன்னும் இரண்டு கால் செய்துகொண்டு வருகிறார். ஓடியது மட்டும் உண்மை. திரும்பி வருவாரா என்று எனக்கே தெரியவில்லை.

இடது முட்டு மறுபடி 'கிரிச்' என்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன். என் கை பட்டதெல்லாம் இதுவரை பாரமாகத்தான் போயிருக்கிறது.

எலிசா தரையில் முட்டி போட்டு, கணவரின் வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். என்னை அவர் பார்க்கவே இல்லை. உங்களைத்தான் பார்க்கிறார்.

"வாசிக்கவிய சும்மாதான நிக்கிய? ஒரு காலு நான் பிடிச்சாச்சு. மத்தத நீங்க பிடிங்க. மெதுவா இழுக்கணும். கார்ல மட்டும் கை வச்சிராதுங்க."