உலர்பெட்டியில் உப்பு பிஸ்கட்

டிசம்பர் பிறந்துவிட்டால் மழைக்குப் பேர்போன எங்கள் இன்னிஸ்ஃபெயிலில் தோல் செருப்பு பச்சைப் பூத்துவிடும். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு அம்மை போட்டதுபோல் முகமெல்லாம் புள்ளி விழும். உப்புக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடித்தாலும் ஒரு கல் விழாது. இப்படிப்பட்ட ஊரில் ஒன்பது வருஷமாக ஒரு பெரிய லென்ஸைப் பொட்டுப் பூஞ்சை அண்டாமல் காப்பாற்றி வந்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்களாம்?

லென்ஸ் எனக்குச் சொந்தமில்லை, எங்கள் புகைப்படச் சங்கத்துக்குச் சொந்தம். சனிக்கிழமை தவறாமல் இரும்புக்கடை வாசலில் நின்று சாசேஜ் சுட்டு விற்று, மூன்று வருஷம் புகை குடித்து வாங்கியது. வெள்ளை உடம்பு, கைக்குழந்தை கனம். எதிர்க்கரை மரத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியின் இறகை இங்கிருந்தே எண்ணிவிடலாம். முறை வைத்து ஆளுக்கு இரண்டு வாரம் எடுத்துப்போவார்கள். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே ஒரு வாரம் அது என் வீட்டு உலர்பெட்டியில் ஓய்வெடுக்கும்.

உலர்பெட்டி என்றால் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அலமாரி. மின்சாரத்தில் ஓடி, உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முன்னால் ஈரத்தின் அளவைக் காட்ட ஒரு முள். அது நாற்பத்தைந்தில் நின்றால் லென்ஸுக்குச் சுகம், அறுபதைத் தாண்டினால் பூஞ்சைக்குச் சுகம். சாவி என் கழுத்தில். ஊரில் எனக்கு வேறு எந்தப் பதவியும் கிடையாது. இந்த ஒன்று போதும் என்று இருந்தேன்.

லென்ஸ் கைமாறும்போதெல்லாம் 'டார்ச் பார்ப்பது' என்று ஒரு சடங்கு உண்டு. ஞாயிறு மத்தியானம் சங்கக் கூடத்தில் திரைகளை இழுத்துவிட்டு, மூடிகளைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் எல்லோரும் எட்டிப் பார்ப்போம். வைத்திருந்தவரிடம் பூஞ்சை பிடித்ததாகத் தெரிந்தால் பொறுப்பு அன்றைக்கே போய்விடும், பேச்சே கிடையாது. டார்ச் பெவனுடையது.

பெவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை ஆலைச் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தூசி ஊதும் ரப்பர்ப் பந்து நம்மிடமெல்லாம் ஒன்று இருந்தால் அவரிடம் மூன்று இருக்கும். வீட்டில் சொந்தமாக ஓர் உலர்பெட்டியும் உண்டு. நம் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவுவார், தொட்ட பிறகு அதைவிட நன்றாகக் கழுவுவார். லென்ஸைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்பது வருஷமாகக் கண் வைத்திருக்கிற மனுஷன். அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்துச் சுடுகிற பாவ்லோவா. புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பின் கிறிஸ்துமஸ் போட்டியில் மற்றவர்கள் கொண்டுவருவதெல்லாம் இந்த ஈரக்காற்றில் வேர்த்து உட்கார்ந்துவிடும். அவருடையது மட்டும் கத்தி பட்டால் படபடவென்று உடையும். ஐந்து வருஷமாக அவருக்கே பரிசு. எப்படி என்று கேட்டால், எல்லாம் கைராசி என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் ஒரு புதன்கிழமை, பல் டாக்டர் வரவில்லை என்று சீக்கிரமே வீடு திரும்பினேன். உலர்பெட்டிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. முள் அறுபத்தெட்டில் நின்றது. உள்ளே லென்ஸ் கீழ்த்தட்டின் மூலையில் தள்ளப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்ற எல்லாத் தட்டிலும் உப்பு பிஸ்கட் பாக்கெட் அடுக்கியிருந்தது. எதிரில் என் புருஷன் சாண்டோ, கையில் ஒரு பாக்கெட்டோடு.

"சாண்டோ, என்ன இது?"

"பிஸ்கட்."

"அது எனக்கும் தெரியுது. இங்க எதுக்கு இருக்கு?"

"வெளிய வச்சா நமுத்துப் போவுது கோரி. இதுல வச்சா எப்படி இருக்கு பாரு." கடித்துக் காட்டினார். மொறுக்கென்று சத்தம் கேட்டது.

"சாவி?"

"நீ குளிக்கறப்போ கழட்டி வைப்பேல்ல. அப்போ ஒண்ணு செஞ்சுக்கிட்டேன்."

"எத்தனை நாளா நடக்குது?"

"ஈஸ்டர்லேர்ந்து."

"இந்த ஈஸ்டரா?"

அவர் இன்னொன்றைக் கடித்தார். அப்புறம் மெதுவாக, "நீ வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்துருவேன். இன்னிக்கு நீதான் சீக்கிரம் வந்துட்டே," என்றார். தப்பு என்மேல் என்பதுபோல.

அவரைத் திட்டவும் முழுதாக மனசு வரவில்லை. சர்க்கரை வியாதி. ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது, தேன்கூடக் கிடையாது. அந்த மனுஷனுக்கு மிச்சமிருக்கிற ஒரே சந்தோஷம் உப்பு பிஸ்கட்டும் ஒரு துண்டு சீஸும்தான். ஆனாலும் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு லென்ஸைத் தூக்கி, பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக, கிளை கிளையாக, சிலந்தி நூல் விட்டதுபோல் ஒன்று. ரப்பர்ப் பந்தால் ஊதினேன். அசையவில்லை. மறுபடி ஊதினேன். அசையவே இல்லை. வெளியே இருந்தால் பறந்திருக்கும், அப்படியானால் இது உள்ளே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டார்ச் பார்க்கும் முறை. ஒன்பது வருஷம் போச்சு என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் பட்டால் பூஞ்சை சாகும் என்று சங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். வியாழக்கிழமை இரண்டு மழைக்கு நடுவே கொஞ்சம் வெயில் தலைகாட்டியது. லென்ஸின் மூடிகளைக் கழற்றி, வராந்தா நாற்காலியில் சாய்த்து, வாயை வானத்துக்குக் காட்டி வைத்துவிட்டு டீ போடப் போனேன். இவ்வளவு பெரிய கண்ணாடியில் வெயிலை வாங்கினால் அது பின்பக்கமாக என்ன செய்யும் என்று ஒன்பது வருஷ அனுபவசாலிக்குத் தோன்றவில்லை.

"கோரி, டோஸ்ட் தீயுது," என்றார் சாண்டோ.

"நான் டோஸ்டே போடலியே."

தீய்ந்துகொண்டிருந்தது நாற்காலியில் கிடந்த அவருடைய வெள்ளைத் தொப்பி, பவுல்ஸ் ஆடப் போகும்போது போடுவது. உச்சியில் திராட்சை அளவுக்கு ஓட்டை விழுந்து புகைந்தது. அதை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கு," என்றார். பிஸ்கட் விஷயத்தை இதோடு நான் மறந்துவிடுவேன் என்று ஒரு நப்பாசை அவருக்கு. வெள்ளைக் கிளை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை அவர் யோசனைமேல் யோசனையாகச் சொன்னார்.

"எல்லாம் நான்தான்னு சொல்லிடேன்."

"சாவி கழுத்துல இருக்கறது எனக்கு. மானம் போறதும் எனக்கு."

"அப்போ பெவன் டார்ச்சுல பழைய பேட்டரியைப் போட்டுருவோம். மங்கலா எரிஞ்சா என்னத்தைத் தெரியப் போவுது?"

"வாயை மூடிட்டு பிஸ்கட்டைத் தின்னு," என்றேன். ஆனால் அன்று சாயந்திரம் முழுக்க அந்தப் பேட்டரியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் நிஜம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் முதலில் வந்து உட்கார்ந்திருந்தவள் டெஸ்லி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடுத்த முறை அவளுடையது. எட்டி பே கடற்கரைக்கு ஆளுயரம் நிற்கிற, பறக்கத் தெரியாத ஓர் ஆண் காசோவரிப் பறவை நான்கு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு காலையில் வருகிறதாம். அதைப் படமெடுக்கத்தான் இரண்டு வருஷமாகக் காத்திருந்து, ஒரு மாத ராத்திரி வேலையை வலிய வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு வாரக் காலைகளைக் காலியாக்கி வைத்திருந்தாள். லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யப் பிரிஸ்பேனுக்கு அனுப்பினால் வர ஆறு வாரம். அதற்குள் குஞ்சுகளின் உடம்பில் இருக்கும் கோடு மங்கத் தொடங்கிவிடும்.

"கொராலி, இதைப் பாருங்களேன்," என்று என் முழுப் பெயரைச் சொல்லி ஒரு துணியை நீட்டினாள். லென்ஸுக்கு உறை. இலைப்பச்சைத் துணியில் கையாலேயே தைத்திருந்தாள். "வெள்ளையா இருந்தா அப்பா பறவை முறைக்குமாம். அதான்."

அந்தத் தையலைப் பார்த்தேன். கோணல் மாணலாக இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பெவன் திரைகளை இழுப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டேன்.

"லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிருக்கு. பின்பக்கம். எங்க வீட்டு உலர்பெட்டியில பிஸ்கட் இருந்துச்சு. கதவு சரியா மூடல. முள்ளு அறுபத்தெட்டு. என் பொறுப்பு, என் தப்பு. டெஸ்லி, என்னை மன்னிச்சிரு."

டெஸ்லி உறையை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள்.

"பிஸ்கட்டா?" என்றார் பெவன். அந்த ஒரு சொல்லை அவர் சப்பிச் சப்பிச் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். "சங்கத்தோட சொத்து இருக்கற பெட்டியில திங்கற சாமானா? கொராலி, ஆலையில இருந்தப்போ சோதனைக்கூடத்துக்குள்ள ஒருத்தன் சாண்ட்விச் கொண்டு வந்தான். மறுநாள் அவனுக்கு வேலை இல்ல."

"தெரியும் பெவன். நாப்பது தடவை சொல்லிட்டீங்க."

கை கழுவிவிட்டு வந்தார். மேஜைமேல் லென்ஸை நிறுத்தி, பின்மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, டார்ச் அடித்துக் குனிந்தார். "பூஞ்சைதான். நல்லா வேர் விட்டிருக்கு. எல்லாரும் வந்து பாத்துக்குங்க. நான் இன்னிக்கே என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், நாளைக்கு பிரிஸ்பேனுக்கு அனுப்பிடலாம்."

ஒவ்வொருவராக வந்து குனிந்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் டெஸ்லி வந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"பெவன், டார்ச்சை ஆட்டாதீங்க."

"என்ன?"

"உங்க பூஞ்சையை ஒரு எறும்பு நக்கிட்டிருக்கு."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்று கண்ணாடிமேல். இரண்டாவது அப்போதுதான் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது. மேஜைக்காலிலிருந்து பொடி எறும்பு வரிசை கட்டி வந்துகொண்டிருந்தது. லென்ஸுக்கு உள்ளே இருப்பதை எறும்பு நக்க முடியாது. அப்படியானால் அது வெளியேதான் இருக்கிறது. கழற்றி வைத்த பின்மூடியை எடுத்து அதன் உள்விளிம்பில் விரலை ஓட்டினேன். வெள்ளையாகப் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தேன்.

இனித்தது.

"எங்க வீட்டுல ஆறு வருஷமா சர்க்கரை கிடையாது," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், இந்தத் தடவை பின்வரிசைக்கும் கேட்கும்படி.

"போன முறை யாருது?" என்று கேட்டாள் டெஸ்லி. கேட்கத் தேவையே இல்லை. போன முறை பெவனுடையது. அவர் திருப்பித் தந்ததற்கு முதல் நாள்தான் பாவ்லோவா போட்டி. திருப்பித் தந்தபோது டார்ச் பிடித்ததும் அவர், பார்த்ததும் அவர், சுத்தம் என்று சொன்னதும் அவர். அவர் சொன்னால் போதும் என்று அன்றைக்கு நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"பெவன், உங்க உலர்பெட்டியில என்ன வச்சிருக்கீங்க?" என்றேன்.

"கேமரா."

"கேமராவுக்கு மேல?"

"ஒரு தட்டு."

"தட்டுல?"

பெவன் டார்ச்சை அணைத்தார். இருட்டில் முதலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார், அப்புறம் கூடமே சிரித்தது. ஐந்து வருஷமாகத் தோற்றவர்கள் நான்கு பேர் அந்தக் கூடத்திலேயே இருந்தார்கள். அவர்களுடைய சிரிப்பில் மட்டும் கொஞ்சம் பல் தெரிந்தது.

சொட்டு நீர் விட்ட துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். ஒரே இழுப்பில் போய்விட்டது. மறுபடி டார்ச் பார்த்தோம். உள்ளே பளிங்கு மாதிரி இருந்தது. குற்ற உணர்ச்சி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் புதன்கிழமையே துடைத்துப் பார்த்திருப்பேன், தொப்பியும் பிழைத்திருக்கும்.

ஆனால் பெவன் லேசில் விடுகிற ஆளா? "என்னோடது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா பிஸ்கட்டும் நிஜம், அறுபத்தெட்டும் நிஜம். அவங்களே சொன்னாங்க," என்றார். அதுவும் சரிதான். என்னால் மறுக்க முடியவில்லை. கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

சந்தேகம் வந்தால் அடுத்த முறைக்காரர் சொல்வதுதான் முடிவு என்பது எங்கள் வழக்கம். எல்லோரும் டெஸ்லியைப் பார்த்தார்கள். அவள் லென்ஸுக்கு உறையை மாட்டி, பொத்தான் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டு வீட்டுலயும் திங்கறாங்க," என்றாள். "ஆனா கொராலி எறும்பு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க."

சாவியை எடுத்து என் கழுத்தில் அவளே மாட்டினாள். நான் அழுதுவிட்டேன். அறுபத்திரண்டு வயதில், பத்தொன்பது பேர் முன்னால், மூக்கு ஒழுக அழுதேன். பரவாயில்லை.

கலையும்போது பெவன் வாசலில் காத்திருந்தார். சண்டைக்குத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"பிஸ்கட்டுக்கு நாப்பத்தஞ்சு ஜாஸ்தி. முப்பதுல வச்சுப் பாருங்க."

மறுவாரம் சாண்டோவுக்கென்று பழசாக ஒரு குட்டி உலர்பெட்டி வாங்கி அடுக்களையில் வைத்தோம். முள்ளை முப்பதுக்குக் கொண்டுவந்தேன். இப்போது அவர் ஒன்றைக் கடித்தால் வராந்தாவில் இருக்கிற எனக்குச் சத்தம் கேட்கிறது. பெவன் சொன்னது அவ்வளவு சரி. அதை அந்த மனுஷனிடம் நான் சொல்லப்போவதில்லை.