ஒலிவின் வீடு தண்ணீர் குடிக்கப் போன கதை

புல் அறுக்கிற மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஒலிவின் பெர்ஜெயின் வீடு ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது. அடுப்பில் கொதித்த இறைச்சிக் குழம்பு ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

வீட்டைக் குறை சொல்ல முடியாது. சஸ்காட்சுவான் ஆற்றங்கரையில் பழங்குடித் தாய்களுக்கும் வெள்ளைக்காரத் தகப்பன்களுக்கும் பிறந்த வழியில் வந்த மெத்திக்காரர்களான நாங்கள் நிலத்தை நாடா போல நீளமாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு முனை ஆற்றில், மறு முனை புல்வெளியில். வெள்ளத்துக்குப் பயந்து ஒலிவின் சற்று உள்ளே தள்ளி மேட்டில் வீடு கட்டியிருந்தாள். கிழக்கிலிருந்து அரசாங்கம் நிலம் அளக்கிற சங்கிலியோடு ஆளனுப்பி எல்லாவற்றையும் சதுரமாக வெட்டியது. ஆற்றோரச் சதுரம் க்ளெக் என்ற புது ஆளுக்குப் போனது. விதவையான ஒலிவினுக்கும் அவள் மாடுகளுக்கும் ஒரு வாளித் தண்ணீருக்கு வழியில்லை. மனு மேல் மனு போட்டோம், பதிலே இல்லை. எங்களுக்கு இருந்த பொறுமை வீட்டுக்கு இல்லை.

"உங்க வீடு என் முட்டைக்கோசு மேல நிக்குதும்மா!" என்று க்ளெக் கத்தினான்.

"குடிச்சிட்டுப் போயிடும், தம்பி. அதட்டாதீங்க, புரையேறிடப் போகுது," என்றாள் ஒலிவின் ஜன்னல் வழியாக.

விசாரிக்க வந்த அதிகாரி, வீடு நகர்வதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி உள்ளே உட்கார்ந்து, சுடச்சுட ரொட்டி தின்று, வெளியே கால் வைத்தபோது முழங்கால்வரை ஆறு. வீடு நகரவில்லை, ஆறுதான் நகர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஈரக் காலோடு போனார்.

க்ளெக் முள்கம்பி வேலி போட்டான். மரியாதை தெரிந்த வீடு, அதை உடைக்காமல் முன்னால் நின்றது. வெயிலில் சுவர்கள் வெடித்தன, மாடுகள் கதறின.

"வெளிய வந்துடு, அக்கா. செத்துப் போயிடுவ," என்றோம்.

"வந்தா ஆளில்லாத நிலம்னு எடுத்துக்குவானுங்க. போங்கடா, போய் உங்க வீட்டையும் கூட்டிட்டு வாங்க!"

கூப்பிடத் தேவையிருக்கவில்லை. மறுநாள் காலை க்ளெக் கதவைத் திறந்தபோது, ஊரிலுள்ள வீடுகளெல்லாம் புகைபோக்கிகள் புகைய வேலியை ஒட்டிச் சத்தமில்லாமல் நின்றன. கோயிலும் வந்திருந்தது, பாதிரியாரோடு. க்ளெக் ஒவ்வொரு வீடாகப் பார்த்தான். பிறகு உள்ளே போய்க் குறடு எடுத்து வந்து கம்பியை வெட்டினான்.

அரசாங்கம் இன்னும் சதுரத்தில்தான் நிற்கிறது. வீடுகள் தினம் மாலையில் ஆற்றுக்குப் போகின்றன. க்ளெக் கரையில் நின்று, "முட்டாதீங்கப்பா, ஒவ்வொண்ணா வாங்க, கோசைப் பார்த்து!" என்று அதட்டுகிறான். ஏதாவது ஒரு வீடு வரத் தாமதமானால், உடம்புக்கு என்னவோ ஏதோ என்று அவனே போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.