நோன்பு வைத்த வாய்

நோன்பு மாதம் வந்தால் டொக்டர் நஸீபாவுக்குப் பேராதனைக் குளிர் நினைவு வந்துவிடும். பல் மருத்துவம் படித்த காலத்தில் அவளுடைய அறைத்தோழி தன்னாமுனை ஊர்க்காரி மேர்லின். இவள் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினால் அவளும் போர்வையோடு எழும்பித் தேத்தண்ணீர் ஊற்றுவாள். நோயாளியிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று பாங்கு சொல்லும்வரை சண்டை நடக்கும். இவள் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் என்பாள், அவள் பைபிளை இழுப்பாள், கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். மேர்லின் இப்போது மெல்பேர்னில். அந்தச் சண்டைக்காக நஸீபா ஏங்கிப்போனாள்.

அந்த ஏக்கத்தில்தான், விடுமுறைக்கு ஊர் வரும் பல் மருத்துவ மாணவர்களைத் தன் காத்தான்குடிக் கிளினிக்குக்கு அழைத்துத் தொழில் ஒழுக்கம் பேசத் தொடங்கினாள். பிள்ளைகளோ எல்லாவற்றுக்கும் "ஓம் டொக்டர்" என்றார்கள். ஓம் சொன்னால் ஒழுக்கம் வந்துவிடுமா?

ஒருநாள் மாலை அஸர் தொழுகை முடிந்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டு அஸீமா வந்தார். கடைவாய்ப் பல் சொத்தை, கழற்றத்தான் வேண்டும். நஸீபா கை கழுவப் போக, மாணவன் றமீஸ் அஸீமாவின் பக்கத்தில் நின்றான்.

"நோம்போட இரிக்கன் மனே. ஊசி போட்டா முறியுமா?"

"முறியா ராத்தா. பயப்புடாம வாயத் திறங்க."

நஸீபா திரும்பினாள். "ஊசி சரி. பல்லுக் கழட்டக்குள்ள ரத்தமும் தண்ணியும் தொண்டைக்குள்ள இறங்கினா? அத ஏன் சொல்லல்ல?"

"சொன்னா எழும்பிப் போயிருவாங்க டொக்டர். வலியோட அனுப்புறதும் பாவந்தானே?"

நஸீபாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு ஒருவர் எதிர்த்துப் பேசுகிறார்! ஆனாலும் விடவில்லை.

"நல்லதுக்கெண்டாலும் மார்க்கத்தப் பாதி சொல்லிச் சம்மதம் வாங்கலாமா? அவங்கட நோம்பு நம்மட கையில அமானிதம். நீங்களே அவங்களுக்குச் சொல்லுங்க."

றமீஸ் அஸீமாவின் பக்கம் திரும்பினான். "ராத்தா, நான் முழுசாச் சொல்லல்ல. ரத்தம் உள்ள போனா நோம்பு முறியலாம். வீக்கமில்ல, காய்ச்சலில்ல. நோம்பு திறக்கிற மஃரிபு வரைக்கும் பொறுக்கேலுமெண்டா பொறுக்கலாம். ஏலாட்டி இப்பயே கழட்டிட்டு, இந்த நோம்பப் புறகு வேறொரு நாளையில புடிச்சுக் களாச் செய்யலாம்."

அஸீமா கதிரையை விட்டு இறங்கினார். றமீஸின் முகம் செத்துப்போயிற்று.

"நோம்பு திறந்துபோட்டு வாறன் டொக்டர்," என்றார் அஸீமா. வாசலில் நின்று திரும்பினார். "இந்தத் தம்பியையும் நிக்கச் சொல்லுங்க. மறைக்காமச் சொல்ற ஆள் பக்கத்துல நிண்டா எனக்கு ஊசிக்குப் பயமில்ல."