நடை வேகம்

மூன்றாவது சுற்றிலும் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஜெபின் இன்ஜினை அணைத்தான். பொழிச்சலூரின் அந்தக் குறுகிய தெருவில், தங்கள் வீட்டு கேட்டுக்கு நாலு வீடு முன்னால் நீல வண்டி நின்றது.

“நூத்தி முப்பதும்மா,” என்றான். “போதும். நான் டாக்ஸிக்கே சொல்லிடறேன்.”

பக்கத்து இருக்கையில் அவன் அம்மா அருள்மேரி கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதே வண்டி தாம்பரம் பைபாஸில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்த் திரும்பியது. அன்று முள் தொண்ணூறைத் தாண்டவில்லை. அவளே பார்த்தாள். இன்று செவ்வாய். ஆள் நடக்கிற வேகத்தில் தெருவை மூன்று முறை சுற்றியதற்கு நூற்று முப்பது. ஓடினால் ஆறுகிறது, ஊர்ந்தால் கொதிக்கிறது. நாற்பது வருஷமாக ஒரு மெக்கானிக்குக்கு டார்ச் பிடித்தவள் அவள். இப்படி ஒரு வண்டியை அவள் பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் மூன்று சுற்றையும் வரிசையாகப் பார்த்திருந்தார்கள். உள்ளே ஹாலில், ஃப்ரீசர் பெட்டிக்குள், அவள் கணவர் டேனியல் கோட்டு போட்டுப் படுத்திருந்தார். ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டுத் தூங்கியவர் திங்கள் காலை எழுந்திருக்கவில்லை. எழுபத்து மூன்று வயது. மாலை நாலு மணிக்கு எடுக்க வேண்டும். இப்போது மணி பதினொன்று.

இறங்கி நடந்தபோது டேனியலின் தங்கை ரோஸி எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, ஜனம் இன்னா நினைக்கும்? அண்ணன் உள்ள இருக்காரு, நீங்க கார்ல ரவுண்டு அடிச்சிட்டு இருக்கீங்க.”

“அவருக்காகத்தான் ரோஸி அடிக்கிறேன்,” என்றாள் அருள்மேரி.

அது உண்மை. விஷயம் போன வருஷம் பங்குனியில் ஆரம்பித்தது. எதிர் வீட்டுத் தயாளனின் அப்பா தொண்ணூற்றொரு வயதில் போனார். அந்த ஊரின் பழைய குடும்பம். பறை, பட்டாசு, ஆட்டம் எல்லாம் இருந்தது. நடக்க முடியாத நாலு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு டேனியல் தன் வண்டியில் ஊர்வலத்துக்குப் பின்னால் ஊர்ந்துபோனார். பம்மல் மெயின் ரோட்டில் ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது. அது எரிந்த பிறகும் ஓட்டினால் இன்ஜின் பாழாகிவிடும் என்பதால் டேனியல் நடுரோட்டில் நிறுத்தினார். பறை அடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஆடிக்கொண்டிருந்தவர்களே வந்து வண்டியைத் தள்ளினார்கள். தயாளன் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: “டேனியலு, உன் சாவுக்காவது வேற வண்டி சொல்லி வைப்பா. என்னால இன்னொரு தபா தள்ள முடியாது.”

டேனியல் தெருவில் நின்று சபதம் போட்டார். என் சாவுக்கு இந்த வண்டிதான் என் பின்னால் வரும், அருள்மேரி இதில்தான் உட்கார்ந்து வருவாள், ஓர் இடத்தில்கூட நிற்காது என்று. விமான நிலையத்தில் பெட்டி இழுக்கிற டிராக்டர்களை முப்பது வருஷம் பழுதுபார்த்தவர். வண்டி நின்றது அவருக்குப் பெரிய அவமானம்.

காரணத்தை அவர் அருள்மேரிக்கு விளக்கியிருந்தார். இன்ஜினுக்குள் எண்ணெய் இரண்டு வேலை செய்கிறது. உரசும் பாகங்களுக்கு நடுவில் மெத்தைபோல நிற்கிறது. அங்குள்ள சூட்டையும் வாங்கிக்கொண்டு வருகிறது. எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் தண்ணீர்போல இளகிவிடும். இளகினால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் விழுந்தால் லைட் எரியும். எனவே எண்ணெயை வெளியே கொண்டுவந்து, காற்றில் ஆறவைத்து, திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் ஆயில் கூலர்.

போன சனிக்கிழமை அதை வீட்டு வாசலிலேயே மாட்டினார்கள். டேனியல் வண்டிக்கடியில், அருள்மேரி டார்ச்சோடு பக்கத்தில். முதலில் ஆயில் ஃபில்டரைக் கழற்றினார். ஃபில்டர் இருந்த இடத்தில் ஓர் அலுமினியத் தட்டு. தட்டின் மேல் திரும்பவும் ஃபில்டர். தட்டிலிருந்து இரண்டு ஹோஸ் கிளம்பும்: ஒன்று சூடான எண்ணெயைக் கூலருக்குக் கொண்டுபோகும், மற்றது ஆறியதைத் திருப்பிக் கொண்டுவரும். தட்டிலேயே ஒரு சின்னத் துளை. அதில் வெப்பத்தை அளக்கும் சென்சாரைத் திருகி, டாஷ்போர்டில் புதிதாக ஒரு மீட்டர் வைத்தார். தட்டை ஏற்றப் போனபோது அருள்மேரி டார்ச்சை ஆட்டாமல் ஓரிடத்தில் நிறுத்தினாள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் இன்னொரு வளையம் ஏறினால் இரண்டும் வழுக்கி, லிட்டர் கணக்கில் எண்ணெய் ஒழுகியிருக்கும்.

“மெக்கானிக் நீயா நானா?” என்று கேட்டு, நகத்தால் சுரண்டி எடுத்தார்.

கூலர் என்பது வளைந்து வளைந்து போகும் குழாய். அதைச் சுற்றி மெல்லிய தகடுகள். ரேடியேட்டருக்கு முன்னால் அதற்கு இடம் போதவில்லை. பம்பருக்குக் கீழே ஒரு பட்டை அடித்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பைபாஸ். பெருங்களத்தூரில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு மசால் தோசை. திரும்பும்போது மீட்டரைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: “பாத்தியா மேரி? இனிமே நான் தைரியமா சாகலாம்.”

அவள் அவர் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

இப்போது ரோஸி அவளைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். யாரோ கையில் காபி கொடுத்தார்கள். பெண்கள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோலப் போக, எல்லாரும் பழக்கப்படி பாதி வார்த்தையில் நிறுத்தி, அது போனதும் அதே இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அருள்மேரியின் வாய் அசைந்தது. மனசு ஹோஸில் இருந்தது. அடைப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எப்படி ஆறியது? எண்ணெய் அளவு சரி. ஒழுகலும் இல்லை. சற்று முன் ஜெபின் குனிந்து கூலரில் கை வைக்கப்போய், சுட்டு உதறினான். ஆக, சூடு கூலர் வரை வருகிறது. வந்த சூடு ஏன் போகவில்லை?

கணுக்காலில் சூடாக ஏதோ பட்டது.

முதலில் யாரோ மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். பெட்டியின் அடியில் ஒரு கம்பி வலை. அதன் வழியாக வெந்நீர்ச் சட்டி மேல் கை நீட்டினாற்போல் காற்று வந்துகொண்டிருந்தது. மேலே கண்ணாடியில் பனி. கீழே சூடு. அவருடைய சூட்டைத்தான் இந்தப் பெட்டி நேற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அவள் காலை நகர்த்தவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் காற்றில் வைத்திருந்தாள்.

பிறகு இன்னும் குனிந்தாள். வலைக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேன்.

பெட்டி நின்ற இடத்தில் நிற்கிறது. அதற்குக் காற்று தானாக வராது. அதனால் உள்ளேயே ஃபேன் வைத்திருக்கிறார்கள். பைபாஸில் எண்பதில் போனபோது கூலருக்குள் காற்று தானாகப் பாய்ந்தது. ஊர்வலத்தில் ஏது காற்று? சபதம் போட்டது ஊர்வலத்துக்கு, சோதித்தது பைபாஸில். ரேடியேட்டருக்கு இன்ஜினே ஒரு ஃபேனைச் சுழற்றுகிறது; பம்பருக்குக் கீழே தனியாகத் தொங்கும் கூலருக்கு அதுவும் எட்டாது.

அருள்மேரி சிரித்துவிட்டாள். சத்தமாக. ஜெபமாலை நின்றது. ரோஸி பதறிப்போய்த் தோளைப் பிடித்து, தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல ரோஸி. உங்க அண்ணன் ஒரு தப்பு பண்ணிட்டாரு. இப்பத்தான் கண்டுபிடிச்சேன். நாப்பது வருஷத்துல இது ரெண்டாவது.”

எழுந்து சமையலறைக்குப் போனாள். முதல் தப்பு அங்கே ஜன்னலில் இருந்தது. பழைய சின்னக் கார் ஒன்றின் ரேடியேட்டர் ஃபேன். சமையலறை வெக்கையை வெளியேற்ற டேனியல் அதை ஜன்னலில் மாட்டி இன்வெர்ட்டர் பேட்டரியில் இணைத்துக் கொடுத்திருந்தார். மாட்டிய அன்று இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அருள்மேரி ஸ்விட்சைப் போட்டாள். தெருக் காற்றெல்லாம் உள்ளே பாய்ந்து, அடுப்பை அணைத்து, தாளித்த கடுகைச் சுவர் முழுக்க அப்பியது. வயரை மாற்றியதும் சரியாகிவிட்டது. பத்து வருஷமாக ஓடுகிறது. ஊரில் எந்தச் சமையலறையிலும் இப்படி ஒன்று இல்லை என்று அவள் எல்லாரிடமும் குறைசொல்வாள். தூசி படிய ஒருநாளும் விட்டதில்லை.

ஜெபினைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னாள். அவன் ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ம்மா, டாக்ஸி ஏசி வண்டி. கம்ஃபர்ட்டா இருக்கும். இன்னிக்குப் போய் இதெல்லாம்...”

“உங்கப்பா சொன்னது நீயும் கேட்டதானே?”

அவன் கேட்டிருந்தான். தெருவே கேட்டிருந்தது. ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போனான்.

வாசலில் வேலை ஆரம்பித்ததும் தயாளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து பெஞ்ச், தண்ணீர் கேன், பேண்டு செட் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“இன்னா மேரிம்மா இது, கிச்சன் ஃபேன்லயே கை வச்சிட்ட?”

“உங்களைத் தள்ள வைக்கக் கூடாதுன்னுதான் அண்ணா.”

அவர் ஃபேனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

ஃபேனைக் கூலருக்குப் பின்னால் மாட்ட ஜெபின் கீழே படுத்தான். அருள்மேரி டார்ச் பிடித்தாள். வெளிச்சம் அவன் கைக்கு முன்னாலேயே போய் நின்றது. எங்கே அடுத்ததாகக் கை போகும் என்று அவளுக்குத் தெரியும். கூலருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடச் சொன்னாள். தகட்டில் இறக்கை உரசக் கூடாது. நாலு மூலையிலும் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினான். கார் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட், இன்வெர்ட்டர் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட். அதனால் ஃபேனுக்கு வித்தியாசம் தெரியாது. நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்தான். சமையலறை ஸ்விட்சையே, அதன் மஞ்சள் கறையோடு, டாஷ்போர்டில் ஒட்டினான்.

போட்டதும் ஃபேன் சுற்றியது. ஆனால் காற்று எந்தப் பக்கம் போகிறது? பின்னாலிருந்து முன்னால் தள்ளினால், வண்டி நகரும்போது எதிர்க்காற்றோடு மோதும். அருள்மேரி பூமாலையிலிருந்து தரையில் விழுந்திருந்த ஒரு ரோஜா இதழை எடுத்துக் கூலருக்கு முன்னால் பிடித்து நழுவவிட்டாள். இதழ் பறந்து தயாளனின் மீசையில் ஒட்டியது.

“அப்பா மாதிரியே வயரை மாத்திக் குடுத்திருக்க,” என்றாள்.

ஜெபின் வண்டிக்கடியிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. நேற்றுக் காலையிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. வயர்களை மாற்றினான். இரண்டாவது இதழ் கூலரின் தகடுகளில் போய் ஒட்டி, அங்கேயே படபடத்தது.

மணி இரண்டு. தெருவை நடை வேகத்தில் சுற்றினார்கள். ஐந்து சுற்று. பந்தலில் இருந்தவர்கள் இப்போது எழுந்து நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஜெபின் ஜன்னல் வழியாக எண்ணைச் சொன்னான். தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்று. அடுத்த இரண்டு சுற்றிலும் தொண்ணூற்று மூன்றே. ரோஸி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணி வந்து முகம் கழுவிப் புடவை மாற்றட்டும் என்று யாரிடமோ சொல்லி அனுப்பினாள். பெட்டி மூடும் நேரத்தில் அருள்மேரி ஹாலில்தான் இருந்தாள். டேனியலின் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். அவர் விரல் நகத்தில் கறுப்பாக இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. அதைத் துடைக்க வந்தவளிடம் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நாலு மணிக்குக் கிளம்பியது. முன்னால் பேண்டு, அதன் பின்னால் பூ போட்ட வண்டியில் டேனியல், அதன் பின்னால் நீல வண்டி. கத்திரி வெயில் இன்னும் இறங்கவில்லை. தயாளன் உள்ளே ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அருள்மேரியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். பம்மல் மெயின் ரோட்டில் போன வருஷம் நின்ற இடம் வந்தது. பேண்டுக்காரர்கள் பாட்டு மாற்றுவதற்காக அங்கேயே நின்றார்கள். முன்வண்டி நின்றது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. நீல வண்டியின் இன்ஜின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. தயாளன் தலையை உள்ளே நீட்டி மீட்டரைப் பார்த்தார்.

“தொண்ணூத்தி அஞ்சு,” என்றார். கொஞ்சம் கழித்து, “டேனியலு ஜெயிச்சிட்டான் மேரிம்மா.”

சொல்லிவிட்டு ஜன்னலை விட்டுவிட்டு முன்னால் போனார். பேண்டுக்காரர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் துக்கப் பாட்டை விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு வாசிக்கிற வேகத்தில் ஒன்றை எடுத்தார்கள். பங்குனியில் வண்டியைத் தள்ளிய இரண்டு பேர் கையைத் தூக்கி ஆட ஆரம்பித்தார்கள். ரோஸி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, அண்ணனுக்கு இது பிடிக்கும் என்றாள்.

கல்லறைத் தோட்டத்து கேட்டில் முன்வண்டி நின்றது. ஆட்கள் பெட்டியை இறக்க ஓடினார்கள். ஜெபின் சாவியில் கை வைத்தான்.

“உடனே ஆஃப் பண்ணாத,” என்றாள் அருள்மேரி. “ரெண்டு நிமிஷம் ஓடட்டும். ஆயில் ஆறட்டும்.”

அவன் கையை எடுத்தான். அவள் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே பெட்டி தோள்களில் ஏறியது. முள் தொண்ணூற்றைந்திலிருந்து தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கியது. பிறகு தொண்ணூறு. பம்பருக்குக் கீழே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கூலர் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. வண்டி நின்ற இடத்தில் நின்றபடியே, எண்ணெய் ஆறியது.