புல்லுக்கு வெளியே ஒரு ஜோடி ஷூ

1

இந்தக் கதை ஒரு ஜோடி ஷூவிலிருந்து வந்தது. ஷூ என்னுடையதல்ல, என் மகள் வாங்கித் தந்தது. [வாங்கித் தந்துவிட்டால் உன்னுடையதுதானே என்று கேட்பீர்கள். இன்னும் அப்படித் தோன்றவில்லை.]

ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில் நான் புல் வெட்டுகிறேன். வீடு மாரண்டஹள்ளியில். விடியும் முன் பஸ் ஏறி, இருட்டிய பிறகு திரும்புகிறவன். எழுதக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மகள் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது அவள் புத்தகத்தில்தான் நானும் எழுத்துக் கற்றேன். அதனால் என் வாக்கியங்கள் நீளமாகப் போகாது. போனால் மூச்சு வாங்கும்.

2

முதலில் எழுத நினைத்தது வேறு ஆட்களைப் பற்றி. சனிக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து தகப்பன்கள் வருவார்கள், வளர்ந்த மகனோடு, மகளோடு. இப்படித் தொடங்கினேன்:

“வெள்ளைக் காரிலிருந்து ஒரு தகப்பனும் மகனும் இறங்கினார்கள். மகனுக்குத் தகப்பன் மேல் ஒரு”

ஒரு என்ன? தெரியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன், அடிக்கவில்லை.

அவர்களை முதுகுப் பக்கமிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். தகப்பன் நடை தளர்ந்தால் மகனும் தளர்த்திக்கொள்வான், அது வெளியே தெரியாதபடி. பந்து எங்கே போனாலும் ஒருவர் “நைஸ்” என்பார். அரை நாள் முழுக்க அந்த ஒரு சொல்தான். பையைத் தூக்க வேறு ஆள் உண்டு. கையில் சுமை இல்லாமல், போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாமல், ஒரு தகப்பனும் பிள்ளையும் சும்மா சேர்ந்து நடப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் அப்பனும் நானும் சேர்ந்து நடந்ததெல்லாம் வேலைக்குப் போகும்போதுதான். மண்வெட்டி எங்களுக்கு முன்னால் போகும்.

3

இரண்டாவது தொடக்கம்:

“குப்புராஜ் என்ற விவசாயிக்கு ஒரு மகள் இருந்தாள்.”

குப்புராஜுக்குத் தக்காளித் தோட்டம் கொடுத்தேன், கிணறு கொடுத்தேன், கிணற்றில் தண்ணீரும் கொடுத்தேன். எழுதுகிறவனுக்கு இதெல்லாம் இலவசம். என் மகள் யுவராணி படித்துவிட்டுச் சிரித்தாள்.

“யார்ப்பா இந்தக் குப்புராஜு? தோட்டம், கெணறுன்னு பெரிய ஆளா இருக்கறாரு. குதிங்காலு மட்டும் உன்னுது மாதிரியே வெடிச்சிருக்குது.”

குப்புராஜை நீக்கிவிட்டேன். ஆனால் அவர் முழுசாகப் போகவில்லை. யுவராணி தன் ஆபீசில் சொல்லி வைத்திருக்கும் அப்பா அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதற்குமேல் எழுதியதை அவளிடம் காட்டவில்லை.

4

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

யுவராணி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இந்த வருடம் பதவி உயர்வு வந்தது. அவளுடைய மேனேஜர் சந்திரமோகன் வருடத்துக்கு ஒரு தடவை தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோல்ஃப் ஆடப் போவாராம். இந்தத் தடவை, “நீங்களும் உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க” என்று அவளிடம் சொல்லிவிட்டார். போகிற இடம் நான் புல் வெட்டும் மைதானம்.

“வாப்பா. ஒரு நாளு தானே.”

“அங்கயா? திங்கக்கெழம அதே எடத்துல மெஷின் தள்ளணும்மா.”

“சனிக்கெழம என்கூட நடயேன். கைய வீசிக்கினு.”

“ஆபீசுல என்ன எதுன்னு சொல்லி வெச்சிருக்கற?”

அவள் போனைப் பார்த்தபடி சொன்னாள்: “விவசாயம்னு சொன்னேன். பொய்யில்லையே, கால் ஏக்கரு இருக்குதே.”

அடுப்படியிலிருந்து என் மனைவி தீர்த்தம்மாள் குரல் கொடுத்தாள்: “கால் ஏக்கர்ல வெளையறது உங்கப்பன் பீடிக்கே பத்தாது!”

“அங்க யாராச்சும் என்னைக் கண்டுக்கினா?”

“கண்டுக்கினா கண்டுக்கட்டும்.”

[இந்த வரியைப் பல தடவை எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அவள் எந்தக் குரலில் சொன்னாள் என்பது வரவில்லை. தலை நிமிராமல் சொன்னாள். அது மட்டும் நிச்சயம்.]

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. இந்தக் கதையில் இருப்பது ஒரே கேள்விதான். நான் அங்கே புல் வெட்டுகிறவன் என்று தெரியவரும் நேரத்தில் யுவராணி என்ன சொல்வாள்? எனக்கு அது தெரிய வேண்டும். தெரியாமலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவுக்கு.

5

சனிக்கிழமைக்கு நான் லீவு சொல்லியிருந்தேன், சூப்பர்வைசரும் லீவு. [கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அவர் மைத்துனனுக்குக் கல்யாணம்.] கேட்டில் இருந்தவன் புதிய ஆள். சந்திரமோகனுக்கு அடித்த சல்யூட்டில் எனக்கும் கொஞ்சம் விழுந்தது.

எங்கள் சாலம்மாள் மட்டும் பார்த்துவிட்டாள். களை பிடுங்கும் வேலை அவளுக்கு. புது ஷூ போட்ட என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள். யாரோ ஒருவனைப் போல என்னைப் போகவிட்டாள். அதற்கு நான் அவளுக்கு என்ன கைம்மாறு செய்வது?

இந்த இடத்தில், மட்டையை வாங்கியதும் பந்தை வெகுதூரம் அடித்து எல்லோரையும் வாய் பிளக்க வைத்தேன் என்று எழுதலாம். அப்படி நடக்கவில்லை. மூன்று தடவை வீசினேன். மண்ணுதான் பறந்தது. அந்த மண்ணைத் திங்கட்கிழமை நான்தான் மூட வேண்டும்.

“விடுங்க, மொத தடவ எல்லாருக்கும் இப்படித்தான்” என்றார் சந்திரமோகனின் அப்பா. ரிட்டயர் ஆன மனிதர். பேச்சு வாய் ஓயாது, நல்ல பேச்சு. “இவன் மட்டையையே விட்டு அடிச்சான். பந்து இங்க இருக்கு, மட்டை தண்ணியில இருக்கு!”

“அப்பா, அத எத்தன பேர்கிட்டப்பா சொல்லுவ?” என்றார் மேனேஜர்.

நாலாவது தடவை பந்து உருண்டது. வாய்க்காலில் ஒரு மடைக்கும் அடுத்த மடைக்கும் உள்ள தூரம் இருக்கும்.

“நைஸ்ப்பா” என்றாள் யுவராணி.

பிறகு நடந்தோம். புது ஷூ கடித்தது, என் நடை தளர்ந்தது. அவளும் மெதுவாக நடந்தாள், அது வெளியே தெரியாதபடி. அங்கேயே கதையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைப்போடு எழுதுகிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. காலும் நிற்கவில்லை.

6

குழியைச் சுற்றி வட்டமாக, மழித்த தலைபோல் ஒட்ட வெட்டிய புல் இருக்கும். அதை கிரீன் என்பார்கள். காலைப் பனியில் செருப்போடு அதில் மிதித்தால் தடம் பதிந்து கிடக்கும். அதனால் நாங்கள் ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவோம். திரும்பி வரும்போது அப்படியே நுழைத்துக்கொள்ள வசதியாக, முனை வெளியே பார்க்க வைத்துவிட்டுப் போவோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பழகிப் போனது. ஆடுகிறவர்கள் ஷூவோடுதான் ஏறுவார்கள்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. கிரீன் ஓரத்துக்கு வந்தேன், குனிந்தேன், ஷூவைக் கழற்றினேன், சாக்ஸை உருட்டி உள்ளே திணித்தேன், முனை வெளியே பார்க்க வைத்தேன், ஏறினேன். காலில் ஈரம் பட்டபோது நன்றாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“என்னங்க இது, ஷூவைக் கழட்டிட்டீங்க? கோயிலா?” என்று சிரித்தார் பெரியவர்.

அவர் கண் என் ஷூவுக்குப் போனது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது, சாலம்மாளின் ரப்பர் செருப்பு. அந்தக் கோடியில் வெறுங்காலோடு குந்தி அவள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு ஜோடியும் ஒன்றுபோல் முனை வெளியே பார்க்கக் கிடந்தன. பெரியவர் செருப்பைப் பார்த்தார், சாலம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கெட்ட மனுஷர் இல்லை, கணக்குப் போட்டுப் பார்க்கிற முகம், அவ்வளவுதான்.

“அங்கிள், நீங்க...” என்று தொடங்கி, மேனேஜர் யுவராணி பக்கம் திரும்பினார்.

யுவராணி வாயைத் திறந்தாள்.

“கால்ல கொப்புளம்ங்க, புது ஷூ” என்றேன் நான்.

அடடா, சொல்லியிருக்கலாமே, பிளாஸ்திரி இருக்கா என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

7

திரும்பி வரும் பஸ்ஸில் ராயக்கோட்டை வரை அவள் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே கூட்டம் இறங்கியதும்,

“கொப்புளத்தக் காட்டுப்பா.”

“ஆறிப்போச்சு.”

“காட்டு.”

காட்டினேன். பழைய வெடிப்புதான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று என்ன சொல்ல வந்தாய் என்று அவளிடமே கேட்கலாம்தான். கேட்டால் ஏதாவது சொல்வாள். வீட்டில் நான் கேட்டு அவள் சொல்வதும், அந்தப் புல்லில் மேனேஜர் முகத்தைப் பார்த்து அவள் சொல்லியிருக்கக் கூடியதும் ஒன்றாகிவிடுமா?

திங்கட்கிழமை சாலம்மாள் விடவில்லை. “சாரு, ஷூ எங்கங்க சாரு?” என்று மற்றப் பெண்களைச் சிரிக்க வைத்தாள். அவர்கள் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“புள்ள வாயத் தொறந்துச்சுண்ணா. நீதான் பூட்டு போட்டுட்ட.”

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். “எங்கப்பா இங்கதாங்க வேலை செய்யறாரு” என்று யுவராணி சொல்கிறாள், எல்லோரும் கை தட்டுகிறார்கள். கை தட்டல் எனக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டேன். அதை எடுத்ததும் அந்த இடம் வெறிச்சென்று ஆகிவிட்டது. இன்னொன்றில், “ஊர்ப் பழக்கம்ங்க, வயல்ல எறங்கற மாதிரி” என்று சொல்லிச் சமாளிக்கிறாள். அதற்காக அவள் மேல் வருத்தப்பட முடியுமா? அவளும் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவள். மூன்றாவதாக ஒன்று, யுவராணி தன் ஷூவையும் கழற்

வேண்டாம். இது சினிமாவுக்கு ஆகும்.

8

கை வலிக்கிறது. மெஷின் பிடித்த கைக்குப் பேனா கனம். விடியும் முன் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்த இடத்தை இன்னொரு தடவை எழுதுகிறேன். இந்தத் தடவை எனக்கு வசனம் கிடையாது.

பெரியவர் இரண்டு ஜோடியையும் பார்க்கிறார். சிரிப்பு நிற்கிறது. சாலம்மாளின் கை களையைப் பிடித்தபடி அப்படியே இருக்கிறது. “அங்கிள், நீங்க...” என்று மேனேஜர் யுவராணி பக்கம் திரும்புகிறார். என் காலுக்குக் கீழே புல் சில்லென்று இருக்கிறது. நான் பேசவில்லை. நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

யுவராணி வாயைத் திறக்கிறாள்.