பிறந்த வீட்டுக்குப் போன வலி

எங்கள் ஊர்த் தொழிலாளர் கோர்ட்டில் அடிபட்டவர் சொல்வது எடுபடாது. வலி நேரில் வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவேண்டும். டவாலி மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி.

என் வழக்கு ஆடி மாதம் வந்தது. அன்று காலையில் பார்த்தால் இடுப்பில் வலியைக் காணோம். என்னுடைய நல்ல செருப்பையும் மாட்டிக்கொண்டு போயிருந்தது. பாவி மகள், இன்றைக்கா போகவேண்டும்!

நூல் மில்லில் பாபின் வண்டி மோதி எனக்கு வந்த வலி அது. வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. மில்காரர்களோ, ராக்கம்மா தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று கோர்ட்டில் சாதித்தார்கள். வழக்கு தோற்றால் திங்கட்கிழமை முதல் பழையபடி நாள் முழுக்க மிஷின் முன்னால் நிற்கவேண்டும். என்னால் முடியாது. செத்தே போவேன்.

வக்கீல் ஹமீதாவிடம் ஓடினேன். வலி இல்லாததால் உண்மையாகவே ஓடினேன்.

"புது வலியாக்கா?"

"போன கார்த்திகையில வந்தது வக்கீலம்மா."

"அப்ப ஆடிக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கும். ஏறுங்க."

ஹமீதாவுக்குச் சிறு வயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது. பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில் அவள் பறப்பதைப் பார்த்தால் பஸ் டிரைவர்களே ஒதுங்குவார்கள். வழியில் பழக்கடையில் நிறுத்தி வெற்றிலை, பாக்கு, பூ, பழம் வாங்கினோம். வெறுங்கையோடு போய்க் கூப்பிட்டால் மரியாதையா?

மில்லில் என் மிஷின் பக்கத்திலேயே வலி உட்கார்ந்திருந்தது. தலை நிறையப் பூ, கையில் அதிரசம். சூப்பர்வைசர் சௌந்தரபாண்டி பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஆடி முடியாம அனுப்ப மாட்டோம். எங்க வீட்டுப் பொண்ணு. இங்கதான் பிறந்தது."

ஹமீதா என் தொடையில் கிள்ளினாள். சிரிப்பை அடக்கி அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"நியாயம்தான் சார். ஜட்ஜ் ஐயா கேட்டா யார் சொல்றது? நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு, கையோட கூட்டிட்டு வந்துடுங்க."

"சொல்றதுக்கென்ன, வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். வலியைத் தன் பைக்கில் பக்குவமாக உட்காரவைத்து, பள்ளம் மேடு பார்த்துத்தான் ஓட்டினார்.

டவாலி மூன்றாவது தடவை வாயைத் திறக்கும்போது உள்ளே நுழைந்தோம். வலி கூண்டில் ஏறியது. ஆடிக்கு வந்த பெண்ணைத் தனியாக விடலாமா என்று சௌந்தரபாண்டியும் கூடவே ஏறினார்.

"இது பிறந்தது எங்கே?" என்றார் நீதிபதி.

"எங்க மில்லுலதாங்கய்யா. பாபின் வண்டி மோதினப்போ. நான்தான் முதல்ல பார்த்தேன்" என்றார், பெருமை தாங்காமல்.

மில் வக்கீல் தலையில் கை வைத்தார். எனக்கு ஆடவேண்டும் போலிருந்தது. வலி கூண்டில் இருந்ததால் ஆடியும்விட்டேன். நீதிபதி அதைப் பதிவு செய்யவில்லை.

வலி உயிரோடு இருக்கும்வரை ராக்கம்மாவை மில்தான் காப்பாற்றவேண்டும், அவள் மிஷின் முன்னால் நிற்கவே கூடாது என்று தீர்ப்பு வந்தது. தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். ஆடி முடிந்ததும் சௌந்தரபாண்டியே சீர்வரிசையோடு வலியைக் கொண்டுவந்து என் இடுப்பில் விட்டுவிட்டுப் போனார். போகும்போது கண் கலங்கினார்.

அடுத்த வருஷம் வலி முழுகாமல் இருந்தது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தானே? மில்லிலேயே பெற்றது. கொழுகொழு என்று ஒரு சின்ன வலி. காது குத்தும்போது தாய்மாமன் முறைக்கு சௌந்தரபாண்டி மடியில் உட்காரவைத்தோம். காது குத்தி முடிந்தும் குழந்தை இறங்கவில்லை. அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டது.

போன வாரம் ஹமீதாவைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் சௌந்தரபாண்டி பெஞ்சில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். மில் அவரையும் திங்கட்கிழமை வந்து நிற்கச் சொல்லியிருக்கிறதாம்.

ஹமீதா அவர் இடுப்பைக் குனிந்து பார்த்து, சின்ன வலியின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள்.

"கட்டாயம் ஜெயிக்கலாம் சார். இதுக்குப் பேச்சு வரட்டும், கேஸ் போட்டுடலாம்."